வாசகர் கேள்வி–பதில்: புக்கம் சிங்கைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நவம்பர் 11 நினைவு நாளுக்காக, முதல் உலகப் போரில் கனடாவுக்காக உயிர்விட்ட சிப்பாய் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும். "எல்லாம் வெள்ளைக்காரங்க பேராத்தான் இருக்கு. நம்மள மாதிரி வெளியூர்லேர்ந்து வந்தவங்க யாருமே போகலையாம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: போயிருக்கிறார்கள், அம்மா. இறந்தும் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்லும் பெயர் புக்கம் சிங். அதிக தூரம் போகவேண்டாம். உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிச்சனர் நகரத்து மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். முதல் உலகப் போரில் கனடாவின் படையில் இருந்த சீக்கியச் சிப்பாய் ஒருவருக்குக் கனடாவில் இருப்பதாகத் தெரிந்த ஒரே கல்லறை அது.

பஞ்சாபில் ஹோஷியார்பூர் மாவட்டம், மாஹில்பூர். பிறந்தது 1893 டிசம்பர் 5. அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது. பெண்ணின் பெயர் பிரீதம் கௌர். 1907-இல், பதினான்கு வயது நிரம்பியும் நிரம்பாமலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து இறங்கினார். எந்த வருஷத்தில் வந்தார் பாருங்கள். அதே 1907-இல்தான் அந்த மாகாணம் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்தது. மறுவருஷம் ஓர் ஆணை வந்தது: பிறந்த நாட்டிலிருந்து எங்கும் இறங்கி மாறாமல் ஒரே பயணமாக வருகிறவர்தான் கனடாவுக்குள் நுழையலாம். இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதோடு கையில் 200 டாலரும் வைத்திருக்கவேண்டும். இந்தியர் வரக்கூடாது என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் இந்தியர் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திய ஆணை அது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களின் மனைவி மக்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். புக்கம் இங்கே, பிரீதம் அங்கே.

1914 மே மாதம் கொமகாட்டா மாரு கப்பல் 376 பேரோடு வான்கூவர் வந்து சேர்ந்ததும், இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். (அதற்குப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல்.) அந்தக் கப்பல் திரும்பிப்போய் ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், 1915 வசந்தத்தில், ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் புக்கம் சிங் கனடியப் படையில் பெயர் கொடுத்தார். அந்தப் போரில் கனடியச் சீருடை போட்ட சீக்கியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

20-ஆவது பட்டாலியனோடு பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் போர்முனைக்குப் போனார். 1916-இல் இரண்டு முறை காயம்: ஜூனில் தலையில் குண்டுச் சிதறல், ஜூலையில் காலில் துப்பாக்கிக் குண்டு. ஒருமுறை அவருக்குச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் பொறுப்பில் இருந்த டாக்டர் யார் தெரியுமா? ஜான் மெக்ரே. உங்கள் மகள் ஒவ்வொரு நவம்பரிலும் பள்ளியில் ஒப்பிக்கும் பாப்பி மலர்க் கவிதையை எழுதியவர். அந்தக் கவிதை கனடாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மருத்துவமனையில் படுத்துக்கிடந்த இந்தப் பையனைச் சுமார் தொண்ணூறு வருஷம் யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது காசநோய் பிடித்துக்கொண்டது. கனடாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1919 ஆகஸ்ட் 27 அன்று கிச்சனரில் ஃப்ரீபோர்ட் மருத்துவமனையில் இறந்தார். வயது 25. இங்கே குடியிருக்கும் இந்தியர்கள் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று கனடா ஒப்புக்கொண்டது எப்போது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் அதே 1919-இல்தான். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அப்புறம் எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு பதக்கத்தால். அந்தப் போரில் கொடுத்த வெற்றிப் பதக்கத்தின் விளிம்பில் வாங்கியவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். லண்டனில் ஓர் அடகுக்கடையில் கிடந்த அப்படியொரு பதக்கத்தை, கனடாவில் சீக்கிய வரலாற்றைத் தொகுத்துவரும் சந்தீப் சிங் பிரார் வாங்கினார். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சீக்கியப் பெயர், பக்கத்தில் கனடியப் படைப்பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டே ஆவணம் ஆவணமாகப் போய்க் கல்லறை வரை வந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே கூடி நினைவு கூர்கிறார்கள். மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு நவம்பரில் நானும் போனேன். தலைப்பாகையோடு கனடியச் சீருடை போட்ட இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால், நினைவு நாளுக்கு அணியும் பாப்பி மலரைக் குத்திய கோட்டோடு சின்னப் பிள்ளைகள். உங்கள் மகளையும் அழைத்துப் போங்கள். கையுறை மறக்கவேண்டாம், நின்றுகொண்டே இருக்கவேண்டியிருக்கும்.

பேச்சுக்கு ஒரு யோசனை. கனடிய நூலக ஆவணக் காப்பகம் முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கோப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் போட்டால் வந்துவிடும். அதில் படையில் சேரும்போது நிரப்பும் படிவத்தை அவளே வாசிக்கட்டும். முன்பக்கத்தில் பெயர், பிறந்த ஊர், நெருங்கிய உறவு யார், கல்யாணம் ஆயிற்றா, என்ன தொழில், அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா என்று வரிசையாகக் கேள்விகள். பின்பக்கத்தில் ஆளின் அங்க அடையாளம்: உயரம், மூச்சை இழுத்தால் மார்பு எத்தனை அங்குலம், தோலின் நிறம், கண், முடி, உடம்பில் உள்ள தழும்பு. கடைசியில் சமயம். கிறிஸ்தவத்தின் பெரிய பிரிவுகளுக்கென்று வரிகள், யூதர்க்கு ஒரு வரி. சீக்கியனுக்கென்று வரி கிடையாது. மற்றவை என்பதில் போய் நிற்கவேண்டியதுதான். அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தியாகத்தை மட்டும் சொல்லி, ஓட்டும் மனைவியும் மறுக்கப்பட்டதை விட்டுவிடும் ஆசை பெரியவர்களுக்கு வரும். நினைவு நாளில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். உங்கள் மகள் இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும். பாதியைக் கழித்துவிட்டால் அது புக்கம் சிங் இல்லை, சீருடை மாட்டிய யாரோ ஒருவர்.

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) பட்டாளத்தில் போய், திரும்பி வந்து 1920-இல் நோயில் இறந்தார் என்பார்கள். போர் முடிந்த பிறகு இறந்தவரைப் போரில் இறந்தவராக எடுத்துக்கொள்வார்களா? வீட்டில் ஒரு வெள்ளிப் பதக்கம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. உருக்கிவிடலாம் என்கிறான் தம்பி.
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: தம்பியைத் தயவுசெய்து தடுங்கள். அதுதான் முதல் வேலை.

பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போருக்கு வைத்திருக்கும் கணக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. பணியில் இருக்கும்போது என்ன காரணத்தால் இறந்தாலும் சரி, விடுவிக்கப்பட்ட பிறகு போர்ப்பணியால் வந்த நோயில் இறந்தாலும் சரி, கணக்கில் உண்டு. மேலே சொன்ன புக்கம் சிங் போர் நின்று ஒன்பது மாதம் கழித்துக் காசநோயில் இறந்தவர்தான். ஆகவே உங்கள் பெரிய தாத்தாவுக்கும் இடம் உண்டு, ஆதாரம் இருந்தால்.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அவர் இல்லை என்று அர்த்தம் கிடையாது. 2021-இல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து இவற்றைச் சேர்ந்தவர்களே பெரும்பாலும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவிடத்தில் இந்தியப் படையின் அதிகாரிகள் பெயர் சுவரில் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாயின் பெயர் சுவரில் இல்லை.

பதக்கத்தைப் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் உள்ள எழுத்து மழுங்கிவிடும், அதுதான் உயிர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் எழுதிக்கொண்டு, போனில் விளிம்பைச் சுற்றிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கம் வந்தால் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். முதல் போரில் இறந்து, நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் உண்டு.

கேள்வி: தன்னை மனிதனாக மதிக்காத நாட்டுக்காகப் போய்ச் செத்தவனை நாம் ஏன் நினைக்கவேண்டும்? அது அடிமைப் புத்தி இல்லையா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய முகவரி வேறு. செத்தவன் மேல் வேண்டாம்.

ஜோகேந்திரநாத் சென் என்ற ஒருவரைச் சொல்கிறேன். அப்போது பிரெஞ்சுக்காரர் கையில், நம் புதுச்சேரியைப் போலவே, இருந்த சந்தன்நகரைச் சேர்ந்த வங்காளி. இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1913-இல் பட்டம் வாங்கி, அந்த ஊர் மின்நிலையத்திலேயே வேலையும் பார்த்தார். 1914-இல் போர் வந்ததும் லீட்ஸ் இளைஞர்களோடு இளைஞராக, செப்டம்பரிலேயே படையில் சேர்ந்தார். நகரத்துப் பையன்கள் ஒன்றாகச் சேர்ந்த பட்டாலியன் அது. அதில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அவரோடு இருந்த ஆர்தர் டால்பி என்ற சிப்பாய், 1988-இல் தள்ளாத வயதில் கொடுத்த பேட்டியில் இவரை மறக்காமல் சொன்னார்: பட்டாலியனிலேயே நன்றாகப் படித்தவர், ஏழு மொழி பேசுவார், ஆனால் சிப்பாய்க்கு அடுத்த படியான லான்ஸ் கார்ப்பரல்கூட ஆக விடவில்லை; ஒரு வெள்ளைக்காரனுக்கு மேலே நிறமுள்ளவனை வைக்க அந்தக் காலத்தில் ஒப்பமாட்டார்கள். எழுபது வருஷம் கழித்தும் கூட இருந்தவன் மனதில் அந்த அநியாயம் உறுத்தியிருக்கிறது.

எகிப்தில் சூயஸ் கால்வாய்க் காவல், பிறகு பிரான்ஸ். 1916 மே 22 இரவு, சோம் பகுதிப் பதுங்குகுழியில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 28. அதே பட்டாலியன் ஜூலை 1-ஆம் தேதி செர் கிராமத்துக்கு முன்னால் ஒரே காலையில் சின்னாபின்னமானது. கொலின்காம்ப்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும் மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு கல்தான். பதவி கொடுக்காதவர்கள் கல்லில் மட்டும் சமமாக வைத்தார்கள்.

அவருடைய உடைமைகள் வீட்டுக்கு வந்தன. இரத்தக்கறை படிந்த மூக்குக்கண்ணாடி அதில் ஒன்று. சந்தன்நகர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 2005-இல் சந்தனு தாஸ் என்ற ஆய்வாளர் கண்ணில் பட்ட பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்துச் சுவரில் பெயர் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. தினமும் அதைத் தாண்டி நடந்தவர்கள், அது யார் என்று கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் அடிமை யார்? படித்தவர், கைநிறையச் சம்பளம் இருந்தவர், அந்த ஊர் நண்பர்கள் போகும்போது தானும் போனவர். வெட்கப்படவேண்டியது நிறத்தைப் பார்த்துப் பதவியை மறுத்தவர்கள். நாம் அவரை மறந்தால் அந்த மறுப்பும் சேர்ந்தே மறந்துபோகும், அவர்களுக்கு அது ரொம்ப வசதி. என்னைக் கேட்டால், அந்தப் போரே நடந்திருக்கக்கூடாது. அதையும் சொல்லிக்கொண்டே சென்னின் பெயரையும் சொல்லலாம்.

கேள்வி: பஞ்சாபி, வங்காளி என்று எழுதுகிறீர்கள். பிழைக்கப் போன இடத்தில் சிப்பாயாகி இறந்த தமிழர்கள் உங்கள் கண்ணில் படவில்லையா?
— ஒரு வாசகர், ஈப்போ

பதில்: நீங்கள் கேட்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். மலேயாவில் பால்மரம் சீவிய குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையின் முகாம் தொடங்கியபோது, சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமிதான் தலைமை. அணிவகுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காத எஸ்டேட் பெண்பிள்ளைகள். ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் 1945-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கும் வழியில் அவர்கள் வந்த ரயில் தாக்கப்பட்டு இறந்தார்கள்.

இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு தூணைக்கூட விட்டுவைக்கப் பயந்திருக்கிறார்கள். 1995-இல்தான் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. உங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் அந்தப் பெயர்கள் தெரிந்த வயசாளிகள் இன்னும் ஓரிருவர் இருந்தால், போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஐயா, இந்த மாதமே செய்யுங்கள்.

கேள்வி: என் அண்ணன் மகன் க்ரீன் கார்டில் இருக்கிறான்; அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். "செத்துப்போனால் உடனே குடியுரிமை கொடுத்துவிடுவார்கள்" என்று யாரோ சொல்ல, அண்ணி இரவெல்லாம் தூங்குவதில்லை. இப்படியும் ஒரு சட்டமா?
— ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: சட்டம் உண்டு. 1990 முதல் இருக்கிறது. ஆனால் அண்ணியிடம் சொல்லவேண்டியது அது இல்லை. உயிரோடு இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

ஹோசே அன்டோனியோ குட்டிரெஸ் என்ற பையன். குவாத்தமாலாவில் அப்பா அம்மா இல்லாமல் தெருவில் வளர்ந்தவன். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து 1990-களில் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தான். வளர்ப்புக் குடும்பங்களில் இருந்து பள்ளிப்படிப்பை முடித்தான். கட்டடக் கலைஞனாகும் கனவு இருந்தது. மரீன் படையில் சேர்ந்தான். 2003 மார்ச் 21 அன்று, இராக் போர் தொடங்கிய கையோடு, உம் கஸ்ர் அருகே இறந்தான். அந்தப் போரில் முதலில் உயிர்விட்ட அமெரிக்கப் படையினரில் ஒருவன். வயது 22. அடுத்த மாதமே குடியுரிமை கொடுத்தார்கள், இறந்தவனுக்கு. அடக்கம் நடந்தது குவாத்தமாலாவில், அக்கா இருந்த ஊரில். போர்க்களத்தில் செத்தால்தான் குடியுரிமை என்றால் நம் குடியேற்றக் கொள்கையில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று லாஸ் ஏஞ்சலஸ் கத்தோலிக்கக் கார்டினல் ரோஜர் மஹோனி அப்போது ஜனாதிபதிக்கே எழுதினார். எனக்கும் அதே கருத்துதான். அந்தச் சமயத்தில் குடியுரிமை இல்லாமல் அமெரிக்கப் படையில் சுமார் 37,000 பேர் இருந்தார்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2003 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அமைதிக் காலத்தில் மூன்று வருஷப் பணி வேண்டும் என்றிருந்ததை ஒரு வருஷமாக்கினார்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இறந்தவரின் குடும்பத்துக்கும் சில குடியேற்றச் சலுகைகள் கிடைத்தன. அதற்கு முன், இறந்தவருக்குக் கொடுக்கும் குடியுரிமை வெறும் மரியாதைப் பத்திரமாகத்தான் இருந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பணியில் இருப்பவர்கள் அந்த ஒரு வருஷம்கூடக் காத்திருக்காமல் விண்ணப்பிக்க வழிசெய்யும் ஆணை 2002-இலேயே வந்துவிட்டது.

ஆகவே பையனிடம் இன்றைக்கே பேசுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம் அத்தை" என்பான், விடாதீர்கள். அவன் முறையாகப் பணியாற்றுகிறான் என்று சான்றளிக்கும் படிவத்தில் மேலதிகாரிகள் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு இப்போதைய விதி என்ன, எத்தனை நாள் பணி கேட்கிறார்கள் என்பதை அவனுடைய பிரிவிலேயே நேராகக் கேட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வேறு இடத்துக்கு அனுப்பும் உத்தரவு வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பிரதி ஒன்று அண்ணியிடமும் இருக்கட்டும்.